ரசீது எண் 118

ஆடியில் கல்யாணம் இல்லை, மண்டப வாடகை பாதி.
அதனால்தான்
அகில இந்திய நாணயவியல் கழகத்தின்
இருபத்தொன்றாம் ஆண்டுக் கூட்டம்
செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தது.
தீர்மானத்தில் வேறு காரணம் எழுதியிருக்கிறோம்.

பணத்தை ஆராயும் கழகத்துக்குப் பொருளாளர் நான்.
கையிருப்பு நாலாயிரத்து எழுபது.
சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்
தணிக்கையாளரைத் தவிர.

மேடையில் சிவப்பு வெல்வெட்டில்
மணமக்கள் நாற்காலி இரண்டு.
நாக்பூர்க்காரர் ஒன்றில் உட்கார்ந்து
ஈயக் காசுகளைப் பற்றிப் பேசினார்.
மற்றதில் அவர் பை.
மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி
அவர் சொன்ன ஆண்டுகளை எல்லாம் விழுங்கியது.
பாதிப்பேர் ஏற்காடு பஸ் ஏறிவிட்டார்கள்.
மீதிப்பேர் உருப்பெருக்கியும் கையுமாக
மேசைகளில் கவிழ்ந்திருந்தார்கள்.
விளிம்பு தேய்ந்திருக்கிறது என்றார் ஒருவர்.
இல்லை, யாரோ சுரண்டியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர்.
பவர்லால் ஒரு காசைக் கடித்துப் பார்க்கப் போனார்,
கொல்கத்தாக்காரர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

மூன்றரைக்கு அவர் வந்தார்.
மா. செங்கோடன், இரும்பாலை, ஓய்வு.
படிவத்தில் 'சேகரிப்பின் விவரம்' என்ற இடத்தில்
இல்லை என்று எழுதியிருந்தார்.
"எந்தக் காலம் உங்களுடையது?
நாயக்கரா, கம்பெனியா?" என்றார் செயலாளர் ஷர்புதீன்.
"ஜெனரல் ஷிப்டுங்க."

காசு வட்டு வெட்டும் பிரிவு. பத்தொன்பது வருஷம்.
சுருள் தகடு உள்ளே போகும்,
வட்டம் வட்டமாக விழும்,
இரண்டு பக்கமும் வழுக்கை.
சிங்கம் கிடையாது, வருஷம் கிடையாது.
எடை மட்டும் உண்டு.
மூட்டை கட்டி அனுப்பினால்
எங்கோ ஒரு சாலையில் முத்திரை விழும்.
"எங்க கையில இருக்கிற வரைக்கும்
அது பணமில்லீங்க."

"ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லையா?"
ஷர்புதீன் குரலில் ஆசை ஊறியது.
முத்திரை விழாத வட்டுக்கு
இந்த மண்டபத்தில் என்ன விலை என்று
எனக்கே தெரியும்.
"கேட்ல சோதனைங்க.
டிபன் பாக்ஸத் திறந்து
தயிர்ச்சோத்தக் கிளறிப் பாப்பாங்க."

சேகரிப்பில்லாதவர் உறுப்பினராகலாமா?
விதி பதினொன்றைப் புரட்டினார்கள்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
நாக்பூர்க்காரர் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கிவந்து
ஒரு நாணயமாவது காட்டட்டும் என்றார்.

செங்கோடன் என் மேசையைப் பார்த்தார்.
தட்டுவடை செட் வாங்கியது போக மீந்த சில்லறை
ரசீதுப் புத்தகத்தின்மேல் கிடந்தது.
ஒரு இரண்டு ரூபாயை எடுத்தார்.
பூவைப் பார்க்கவில்லை, தலையைப் பார்க்கவில்லை.
கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்று.
மேசையில் சுண்டிக் காதைச் சாய்த்தார்.
"இது என்னுதா இருக்கலாம்."
வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.
"இதுவும்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி நின்றது
என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை.
எனக்குத்தான்
அங்கிருந்த சட்டைப்பைகள் எல்லாம்
ஒருமுறை கனத்தாற்போல் இருந்தது,
கண்டக்டர்களின் தோல்பைகளும்,
தெருக்கோடியில் நிரம்பிக்கொண்டிருந்த
அம்மன் உண்டியலும்.

சேர்த்துக்கொண்டார்கள்.
சந்தா நூற்றைம்பதுக்கு
ஐந்நூறு தாளை நீட்டினார்.
மீதி கொடுக்க
இருபத்தெட்டு நாணயவியலாளர்களிடம்
செல்லுபடியாகிற காசு இல்லை.
எதிர்க் கொலுசுக் கடைக்கு ஓடி
நான்தான் மாற்றி வந்தேன்.

இரவு கணக்கு முடிக்கையில்
இரண்டு ரூபாய் உதைத்தது.
மூன்று முறை கூட்டினேன்.
பிறகு என் பர்ஸிலிருந்து போட்டு
கோட்டை இழுத்தேன்.

மண்டப வாசலில் நாங்கள்
சோதனை எதுவும் வைக்கவில்லை.